எலும்பு தேய்ந்துவிட்டதா?

இடுப்புவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே, "எலும்பு தேஞ்சு போச்சாம் சார், இனிமே குனியவே கூடாதாம்" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பிசியோதெரபிஸ்ட்டாக எனக்கு அவர்களின் வலியைவிட அந்தப் பயம்தான் அதிகக் கவலை தருகிறது. செருப்பு தேய்வதுபோல எலும்பும் தேய்கிறது, நடந்தால் இன்னும் தேயும் என்று நினைத்துப் பலர் கட்டிலே கதியென்று இருந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் எலும்பில் தொடங்குகிற விஷயமே இல்லை இது. கீழ்முதுகில் 5 முள்ளெலும்புகள். அவற்றுக்கு இடையில் இருப்பது டிஸ்க், நம் ஊர்ப் பேச்சில் ஜவ்வு. நடுவில் கூழ், சுற்றிலும் நார் வளையம். இளமையில் அந்தக் கூழில் பெரும்பகுதி தண்ணீர்தான். வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிட்டத்தட்டக் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அதனால் 20 வயதுகளிலேயே சிலருக்கு டிஸ்க் வறளத் தொடங்கிவிடுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு அது இன்னும் மோசம்.

டிஸ்க் வறண்டு தட்டையானால், பின்பக்கத்துச் சிறு மூட்டுகளின் மேல் பாரம் கூடுகிறது. மூட்டு தடிக்கிறது, எலும்பின் ஓரங்களில் புது எலும்பு முளைக்கிறது, உள்ளே இருக்கும் தசைநாரும் தடிக்கிறது. கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இதெல்லாம் அதிகம்.

சரி, இது இருந்தாலே வலி வருமா? வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதில் 37 சதவீதம், 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் நோய் இல்லை.

சிலருக்கு மட்டும் இந்தத் தடிப்பால் நரம்பு போகும் வழி குறுகிவிடுகிறது. தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். வண்டியைத் தள்ளும்போது தெருத்தெருவாக நடப்பார்; வெறுங்கையோடு கோயிலுக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும், உட்கார்ந்தால் சரியாகும். வண்டியைப் பிடித்து முன்னால் சாயும்போது அந்த வழி கொஞ்சம் அகலமாகிறது, அதுதான் விஷயம். காலில் ரத்த ஓட்டம் குறைந்தாலும் இப்படி நடக்கும்போது வலி வரும். ஆனால் அது சும்மா நின்றாலே அடங்கும். அதனால் முதலில் பாதத்தில் நாடி பார்த்தேன், நன்றாக இருந்தது. அப்புறம் வயிறு, இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சியும், இடையிடையே உட்கார்ந்து நடப்பதும், சைக்கிள் மிதிப்பதும் சொல்லிக்கொடுத்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனால் இடுப்புவலியோடு சிறுநீர் வராமல் நின்றாலோ, தன்னையறியாமல் மலம், சிறுநீர் கழிந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ பயிற்சிக்கு என்னிடம் வராதீர்கள். இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.