ஃபோல்டரை அழிக்கச் சொல்லாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஒரு மாணவி இரண்டு வாரம் உட்கார்ந்து கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள்) வழியாக நடக்கும் எங்கள் ப்ராஜெக்டில் ஒரு பிழையைச் சரிசெய்திருக்கிறார். அதற்குள் மெயினில், அதாவது ப்ராஜெக்டின் முதன்மைக் கிளையில், மாற்றங்கள் வந்துவிட, தன் வேலையை அவற்றின்மேல் எடுத்து அடுக்கும் ரீபேஸைச் செய்யும்போது கான்ஃப்ளிக்ட்: இரண்டு பக்க மாற்றங்களும் மோதிக்கொண்டன. பங்களிக்க வருபவர்களுக்கு வழிகாட்டும் எங்கள் கான்ட்ரிபியூட்டிங் ஃபைலில் என்ன எழுதியிருந்தோம் தெரியுமா? "சிக்கல் வந்தால் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி க்ளோன் செய்யவும்." அப்படியே அழித்துவிட்டு, ப்ராஜெக்டை மறுபடி இறக்கிக்கொண்டார். ஒருமுறைகூட புஷ் செய்யாத (இணையத்துக்கு அனுப்பாத) கமிட்டுகள், அதாவது அவர் பதிவுசெய்த மாற்றங்கள், அத்தனையும் போயின. "என் தவறுதான், மன்னிக்கவும்" என்று அவர் எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தவறு எங்களுடையது.

எல்லாம் ப்ராஜெக்டை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது, கணினியில் இருப்பதை அழித்தால் ஒன்றும் ஆகாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லவே இல்லை. கமிட் உங்கள் கணினியில்தான், அந்த ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் டாட் கிட் ஃபோல்டரில்தான் பதிவாகிறது. நூறு கமிட் போட்டிருந்தாலும் புஷ் செய்யும்வரை அது வெளியே போகாது. கைதவறிய கமிட்டைத் தேடி எடுக்க உதவும் ரீஃப்லாக்கும் அதே டாட் கிட்டுக்குள்தான் இருக்கிறது. ஃபோல்டரை அழித்தால் கமிட்டும் போச்சு, மீட்கும் வழியும் போச்சு.

அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது ஒரே வரிக் கட்டளை: கிட் ரீபேஸ் --அபார்ட். ரீபேஸ் தொடங்கும் முன்பிருந்த நிலைக்கே அது கொண்டுவந்துவிடும். அப்புறம் நிதானமாக உதவி கேட்டிருக்கலாம்.

ப்ராஜெக்ட் நடத்துபவர்களே, உங்கள் கான்ட்ரிபியூட்டிங் ஃபைலை இன்றே திறந்து பாருங்கள். அழிக்கச் சொல்லும் வரி இருந்தால் முதலில் அதை எடுங்கள். அப்ஸ்ட்ரீம் ரிமோட் (மூல ப்ராஜெக்டின் முகவரி) சேர்ப்பதை எழுதுங்கள். முதன்மைக் கிளையின் பெயர் இன்னும் மாஸ்டர் என்று இருக்கிறதா? 2020 அக்டோபர் முதல் கிட்ஹப்பில் புது ரெப்போ (ப்ராஜெக்டின் சேமிப்பகம்) தொடங்கினால் மெயின்தான் வருகிறது. உங்களுடையதில் எதுவோ அதைப் போடுங்கள். புஷ் செய்யும்போது கிட்ஹப் பாஸ்வேர்டைக் கொடுக்கச் சொல்லும் படியைத் தூக்குங்கள், 2021 ஆகஸ்ட் 13-இலிருந்து அது செல்லாது. ஏற்கெனவே அனுப்பிய கிளையை ரீபேஸ் செய்தால் அடுத்த புஷ் மறுக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அங்கே கட்டாயப்படுத்தி அனுப்பும் வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், இடையில் வேறு யாராவது அனுப்பியிருந்தால் அதை மேலெழுதாமல் நிற்கும் ஃபோர்ஸ்-வித்-லீஸ்.

எழுதி முடித்ததும் கிட்டுக்குப் புதியவர் ஒருவரை உட்காரவைத்து, வாய் திறக்காமல் அவர் திரையைப் பாருங்கள். எங்களிடம் வந்தவர் நான்காவது வரியிலேயே நின்றுவிட்டார். க்ளோன் செய்தபின் அந்த ஃபோல்டருக்குள் போக வேண்டும் என்று நாங்கள் எழுதவே இல்லை.

புதிதாக வருபவர்களே, அன்றன்றைய வேலையை உங்கள் ஃபோர்க்குக்கு (கிட்ஹப்பில் உங்கள் பெயரில் இருக்கும் நகலுக்கு) புஷ் செய்துவிடுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. சிக்கல் வந்தால் தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். கிட் ஸ்டேட்டஸ் கட்டளை என்ன காட்டுகிறதோ அதை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள்.