கரைந்தால்தான் காக்கும்: படகின் அடியில் பூசும் செம்புப் பெயிண்ட்

குமரி மாவட்டத்து நீரோடிக்கும் கேரளத்துப் பொழியூருக்கும் நடுவே மாநில எல்லை போகிறது. இந்தப் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, அந்தப் பக்கம் 52 நாள். படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கத் தோதான காலம் இது. தினமும் மணலில் இழுத்துப் போடும் வள்ளத்துக்கு இந்த வேலை அவ்வளவாகத் தேவைப்படாது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்குத்தான் பாடு.

மரமோ, இரும்போ, ஃபைபரோ, கடலில் இறக்கிய சில நிமிடங்களில் அதன்மேல் கரிமப் பொருள்களின் மெல்லிய படலம் படிகிறது. அதன்மேல் பாக்டீரியா, பிறகு வழவழப்பான பாசி, அப்புறம் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் (பார்னக்கிள்). கொட்டலசின் குஞ்சு தன் கடைசிப் பருவத்தில் எதையும் தின்பதில்லை, இடம் தேடுவது மட்டுமே அதன் வேலை. இரண்டு சிறு உணர்கொம்புகளால் பரப்பைத் தொட்டுத் தொட்டு நடந்து பார்க்கும். பிடித்துப்போனால் பசையைச் சுரந்து தலையை ஒட்டிக்கொள்ளும். அதோடு சரி, ஆயுள் முழுக்க அங்கேதான். சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, கால்களை வெளியே நீட்டி இரையை வாரித் தின்னும். அடி இப்படிச் சொரசொரத்துப் போன படகு அதே வேகத்துக்குக் கூடுதல் டீசல் குடிக்கிறது.

பழைய மர வள்ளங்களுக்கு மீன் எண்ணெயும் அண்டிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் பூசினார்கள். அவை மரத்துக்குள் ஊறித் தண்ணீரைத் தடுப்பவை. செம்புப் பெயிண்டின் வழி வேறு. அதில் இருப்பது குப்ரஸ் ஆக்சைடு என்னும் செம்புச் சேர்மத்தின் செந்தூளும், பைன் மரப் பிசினான ரோசினும். ரோசின் அமிலத்தன்மை உள்ளது, கடல்நீர் லேசான காரம். அதனால் பிசின் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, உள்ளே இருக்கும் செம்பு வெளிப்பட்டு அதுவும் கரைகிறது. படகின் தோலை ஒட்டிய மிக மெல்லிய நீரடுக்கில் செம்பு மிகுந்திருக்கும். அங்கே குஞ்சுகள் குடியேறுவதில்லை.

கரைவதுதான் வேலை என்பதற்கு நல்ல சாட்சி ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்த செம்புத் தகடுகள் அரித்துப் போவதைத் தடுக்க, 1824இல் அவற்றோடு துத்தநாகம், இரும்புத் துண்டுகளை இணைத்தார். அரிப்பு நின்றது. ஆனால் கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டன. செம்பைக் காப்பாற்றியதால் கப்பலைக் காக்க முடியாமல் போனது!

இது புரிந்தால் நாமே பூசும்போது எதில் கவனம் வேண்டும் என்பதும் புரியும். குப்ரஸ் ஆக்சைடு தண்ணீரைவிட ஏறக்குறைய 6 மடங்கு கனம், டின்னின் அடியில் போய்ப் படிந்துவிடும். அடிவரை கிளறாமல் பூசினால் வெறும் பிசினைத்தான் பூசுகிறோம். தின்னர் ஊற்றி நீட்டினால் கரைவதற்குச் சரக்கு இருக்காது. இரும்புப் படகில் செம்பு நேராகப் படக்கூடாது, இரும்பை அரித்துவிடும். முதலில் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சால் நன்றாக மூட வேண்டும். அலுமினியப் படகுக்குச் செம்புப் பெயிண்டே வேண்டாம். அரிப்பைத் தடுக்க அடியில் மாட்டிய துத்தநாகக் கட்டியின்மேல் தவறியும் பூசக்கூடாது. இந்தப் பக்கத்துத் தடைக்காலம் மழைக்காலமும்கூட; ஈரம் துடைத்த பலகையும் ஈரம்தான், காயும்வரை பொறுக்க வேண்டும்.

பழைய பூச்சை உலர வைத்துத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நஞ்சு. நனைத்துத் தேய்த்து, தார்ப்பாயில் பிடித்து அள்ளுங்கள். மணலில் விட்டால் அது நாம் பறித்துத் தின்னும் சிப்பிக்குத்தான் போய்ச் சேரும். செம்பைவிடக் கடுமையான டிரைபியூட்டைல் டின் என்ற தகரச் சேர்மம் கலந்த பெயிண்டுகள் பிரான்சின் அர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பையே முடக்கின. உலக அளவில் அவற்றைத் தடுக்கும் ஒப்பந்தம் 2001இல் உருவாகி, 2008இல் நடைமுறைக்கு வந்தது.

முதல் பூச்சைக் கறுப்பிலும் இரண்டாவதைச் சிவப்பிலும் போடுங்கள். முன்மூக்கு, சுக்கான், நீர்க்கோடு ஆகிய இடங்களில் தண்ணீர் அதிகம் உரசும், அங்கே இன்னொரு கை கூடுதல். அடுத்த ஜூனில் கரையேற்றும்போது சிவப்புக்கு நடுவே எங்கே கறுப்பு தெரிகிறதோ, அங்கே செம்பு தீர்ந்துகொண்டிருக்கிறது.