சிரிப்பில் என்ன நம்பகத்தன்மை?

"நம்பகத்தன்மையுடன் மக்களோடு இணையுங்கள்." பெங்களூரில் ஊழியர் பயிற்சிக்கென்று தயாராகும் தமிழ்க் கையேடுகளில் இந்த வாக்கியத்தைத் தாண்டாமல் போக முடிவதில்லை. அண்மையில் மெய்ப்புப் பார்க்க வந்த, சந்தை ஆராய்ச்சி ஊழியருக்கான ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் இதே கதை. நம்பகத்தன்மையான பேச்சு, நம்பகத்தன்மையான கதைசொல்லல், கடைசியில் நம்பகத்தன்மையான புன்னகை. சிரிப்பில் என்ன ஐயா நம்பகத்தன்மை?

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'ஆத்தென்டிக்'. கிரேக்கத்தில் 'ஆட்டோ' என்றால் தான், தானே. நம் ஆட்டோரிக்‌ஷாவில் இருப்பதும் அதே ஆட்டோதான். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லுக்குத் தானே செய்பவன், தன் அதிகாரத்தில் நிற்பவன் என்று பொருள். தன் கையால் கொலை செய்தவனையும் அப்படிச் சொன்னதுண்டு. துருக்கியர் மரியாதைக்குச் சொல்லும் 'எஃபெண்டி'யும் இந்த வேரில் வந்ததே. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் ஆவணத்துக்கும் மூலப்படிக்கும் வழங்கி, பிறகு மனிதருக்கும் வந்தது: வேஷம் போடாமல் தானாக இருப்பவர். சொல்லின் கரு 'தான்'.

சரி, நம்பகத்தன்மையில் அந்தத் 'தான்' எங்கே? நம்புகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பவர். நம்பகம் அவர் மனதில் விழும் தீர்ப்பு. பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. வீடியோ அழைப்பில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அவர்களைப் பாருங்கள். சீருடை உண்டு, பின்னால் சின்னம் உண்டு, வழக்கு எண் உண்டு, "இருங்க, மேலதிகாரிகிட்ட குடுக்கறேன்" என்ற பாவனையும் உண்டு. நம்பகத்துக்கு ஒரு குறையும் இல்லை. படித்தவர்களே நம்பிப் பணத்தை அனுப்புகிறார்கள். ஆள்தான் அசல் இல்லை. மாறாக, கூச்ச சுபாவமுள்ள ஒருவர் நேர்காணலில் திக்கித் திணறி மனதில் பட்டதை அப்படியே சொல்வார். கேட்கிறவர்களுக்கு நம்பிக்கை வராது. ஆனால் அந்த அறையில் ஆத்தென்டிக் என்று சொல்லத்தக்கவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இன்னொன்று. தொல்காப்பியத்தில் 'நம்பு' என்பதற்கு விருப்பம் என்று பொருள்: "நம்பும் மேவும் நசையாகும்மே" என்கிறது உரியியல். அந்தப் பழைய பொருளை வைத்துப் பார்த்தாலும் கதை அதேதான். கேட்பவர் தாம் விரும்புவதைத்தானே சீக்கிரம் நம்புகிறார்?

வால் வேறு தனியாக உறுத்துகிறது. நம்பகம் என்பதே பெயர்ச்சொல். அதன் முதுகில் எதற்குத் தன்மை? தன்மை சேர்த்துவிட்டால் எதுவும் கலைச்சொல் ஆகிவிடும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. நெகிழ்வு என்றால் போதாது, நெகிழ்வுத்தன்மை. ஒளிவுமறைவின்மை என்று அழகான சொல் இருக்க, வெளிப்படைத்தன்மை. ஒரு செய்தியின் நம்பகத்தன்மை, ஒரு லிஃப்டின் நம்பகத்தன்மை என்று எழுதுங்கள், எனக்குச் சண்டையில்லை. அங்கே நம்புகிறவரைப் பற்றித்தான் பேச்சு. மனிதருக்கும் புன்னகைக்கும் அது பொருந்தாது.

உண்மைத்தன்மை என்பாரும் உண்டு. சான்றிதழ் போலியா என்று சரிபார்க்க அரசு அலுவலகங்களில் புழங்கும் சொல் அது, அங்கேயே இருக்கட்டும். இந்திக்காரர்கள் 'பிராமாணிக்' என்கிறார்கள், நூலுக்கும் ஆவணத்துக்கும். அதே சொல் மராத்தியிலும் கன்னடத்திலும் நேர்மையானவர் என்று ஆளைக் குறிக்கும். தில்லியிலிருந்து வந்த வார்ப்புருவைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசம் தெரியாமல் வழுக்குகிறார்கள். நமக்கோ பிரமாணம் என்றால் பதவிப் பிரமாணம், பிரமாணப் பத்திரம். அதற்கு மேல் அது நகராது.

பொருளுக்கு 'அசல்' போதும். அரபியில் வேர், மூலம் என்று பொருள். நகலும் அங்கிருந்து வந்ததுதான். அசல் பத்திரம், அசல் காஞ்சிப் பட்டு என்று சொல்லிப் பழகிய வாய்க்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

ஆளுக்குத்தான் தகராறு. எனக்குப் பிடித்த சொல் சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட் பக்கம் தினமும் காதில் விழுகிறது. பூக்காரம்மா தமிழ் ஆளிடம் "நெஜமா இன்னிக்குப் பறிச்சதும்மா" என்பார், அடுத்து நிற்பவரிடம் கன்னடத்தில் "நிஜவாகலூ" என்பார், தெலுங்குக்காரர் வந்தால் "நிஜங்கா". வடமொழியில் 'நிஜ' என்றால் தன்னுடையது, தன்னோடு பிறந்தது. கிரேக்கச் சொல்லின் 'தான்' அப்படியே இதில் இருக்கிறது! பூக்காரம்மாவுக்குக் கைவந்தது கையேடு எழுதுகிறவர்களுக்கு வரவில்லை. தனித்தமிழ் அன்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது "ஜ இருக்கிறதே" என்று முகம் சுளித்தார். அவருக்காகவும், ஓரளவு எனக்காகவும், எழுத்தில் 'மெய்'யைப் பரிந்துரைக்கிறேன்.

மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பது நமக்கு வாய்த்த வசதி. உள்ளே எழும் உணர்ச்சி உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. பட்டியல் நகையில்தான் தொடங்குகிறது என்பதைப் புன்னகைக் கையேட்டுக்காரர்கள் கவனிக்கலாம். மெய்க்கும் கறை உண்டுதான்; சோழர் கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தி முழுக்க அரசனின் புகழ்பாட்டு. இருந்தாலும் மெய்யான சிரிப்பு என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அப்புறம் 'இணையுங்கள்'. குழாயை இணைக்கலாம், ஆதாரோடு பான் எண்ணை இணைக்கலாம். மனிதரோடு நாம் பழகுகிறோம். பழமையோடு உறவுள்ள சொல், நாள் பிடிக்கும் என்ற எச்சரிக்கை அதிலேயே இருக்கிறது. வள்ளுவர் நட்புக்குப் பழகுதல்கூட வேண்டாம், உணர்ச்சி ஒன்றே போதும் என்கிறார். பார்க்காமலே நண்பர்களான கோப்பெருஞ்சோழனுக்கும் பிசிராந்தையாருக்கும் அது சரி, சந்தை ஆராய்ச்சிக்கு வீடு வீடாகப் போகிற ஊழியருக்குப் பழகத் தெரிந்தாக வேண்டும்.

கதைசொல்லலோடு நம்பகத்தன்மை சேரும்போது இன்னும் வேடிக்கை. கதை விடாதே, கதை கட்டாதே, கதை அளக்காதே என்றெல்லாம் தமிழில் திட்டுவோம். இலங்கைத் தமிழர் மட்டும் சாதாரணப் பேச்சையே கதைத்தல் என்கிறார்கள், அங்கே அந்தச் சந்தேகம் இல்லை. இங்கே 'நம்பகத்தன்மையான கதை' என்று படித்தால், நன்றாக ஜோடித்த பொய் என்றுதான் என் காதில் விழுகிறது. 'பட்டதைச் சொல்லுங்கள்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.

அந்தக் கையேட்டில் "பாசாங்கில்லாமல் பழகுங்கள்" என்று திருத்தி அனுப்பினேன். திரும்பி வந்தது. அவர்களுடைய சொற்பட்டியலில் ஆத்தென்டிக்குக்கு நேரே நம்பகத்தன்மை என்று பூட்டி வைத்திருக்கிறார்களாம். மாற்றினால் மென்பொருள் சிவப்புக் கோடு போடுகிறதாம். பட்டியலைத் தயாரித்தது யார் என்று கேட்டேன். "அது ஏற்கெனவே இருந்ததுங்க" என்றார்கள்.