ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்?

"பச்சைத் தண்ணியே ஊத்துங்க சார், அதுதான் நல்லா கூலாகும்" என்று சொல்லும் மெக்கானிக்கை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. இயற்பியல்படி அவர் சொல்வது சரி. ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ரேடியேட்டரில் ஊற்ற விற்கப்படும் திரவமான கூலன்ட்டின் மூலப்பொருள் எத்திலீன் கிளைக்காலுக்கு 2.4 போதும். பாதிக்குப் பாதி கலந்தால் 3.3 பக்கத்தில் வரும். வெப்பத்தைச் சுமந்து போவதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். காசு கொடுத்து வாங்கும் கூலன்ட், வெறும் தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும்.

பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. கூலன்ட்டின் முதல் வேலை எஞ்சினுக்குள் இருக்கும் அலுமினியத்தை அரிக்காமல் காப்பது. இரண்டாவது வேலை, திரவம் கொதித்து ஆவியாகாமல் பார்த்துக்கொள்வது. இந்த இரண்டும் நடக்காதபோதுதான் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பாதியான பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய், சிறிய காருக்கே ஐந்து இலக்கத்தில் பில் வருகிறது.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடும். மிச்சம் எஞ்சினின் உலோகத்தில் இறங்கும். எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். உருகாமல் நிற்பதற்குக் காரணம் சுவருக்குப் பின்னால் ஓடும் சில லிட்டர் திரவம். வாட்டர் பம்ப் அதைத் தள்ள, பிளாக்கையும் ஹெட்டையும் சுற்றி, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது.

இந்த வழியில் காவலாளியாக நிற்பது தெர்மோஸ்டாட். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வால்வு, அதன் நடுவே சின்னக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. பல கார்களில் சுமார் 82 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ளும், வால்வு திறக்கும். "வண்டி சூடாகுது" என்று போனால் இதைக் கழற்றி வீசிவிட்டு அனுப்புகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் இறங்கும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் எஞ்சின் தேவையான சூட்டை எட்டவே நேரமாகும். எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாக வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்து, கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும் அமைப்புள்ள எஞ்சின்களில் இன்னொரு வினையும் உண்டு. மூட ஆளில்லாததால் சூடான திரவத்தில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றும். மேட்டில் ஏறும்போது வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடாகும்.

ரேடியேட்டர் மூடி வேறு ரகம். சமையலறை குக்கரின் வெயிட் செய்கிற அதே வேலையைத்தான் அதுவும் செய்கிறது. அதன் ஸ்பிரிங் உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரியில்தான் கொதிக்கும். பாதி கிளைக்காலும் இருந்தால் இன்னும் சில டிகிரி மேலே போகும். மூடிக்குள் எதிர்த்திசையில் திறக்கும் இன்னொரு குட்டி வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து திரவத்தை அது திரும்ப இழுத்துக்கொள்ளும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப்போனால் இரண்டு வேலையும் நின்றுவிடும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் ரேடியேட்டரையே மாற்றிவிடுவதும் நடக்கிறது.

இப்போது போர் தண்ணீருக்கு வருவோம். அதில் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கும். சூடானால் அவை கரையாத கார்பனேட்டாக மாறிப் படியும். வெந்நீர் போடும் அண்டாவின் அடியிலும் வாட்டர் ஹீட்டர் காயிலிலும் வெள்ளையாக ஒட்டியிருப்பது இதுதான். எஞ்சினுக்குள் இது எங்கே அதிகம் படியும் தெரியுமா? எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி, எங்கே சூடு அதிகமோ அங்கே. இந்த உப்புப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். அலுமினியக் கலவையோடு ஒப்பிட்டால் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் கடத்தும். அரை மில்லிமீட்டர் படிவு வந்தால், வெப்பத்தின் குறுக்கே மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல் அலுமினியம் நின்றது போல ஆகிவிடும். இதில் மோசமான விஷயம், டேஷ்போர்டு முள் இதைக் காட்டிக்கொடுக்காது. சென்சார் அளப்பது திரவத்தின் சூட்டை. திரவம் 90 டிகிரியில் சாதுவாக இருக்கும்போதே படிவுக்கு அந்தப் பக்கம் உலோகம் வெந்துகொண்டிருக்கும்.

அடுத்தது குளோரைடு. கடலோர ஊர்களின் உப்புத் தண்ணீரில் இது தாராளம். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் உண்டு. குளோரைடு அதை ஊசி குத்தியது போல அங்கங்கே துளைக்கும். போதாக்குறைக்கு, அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக், பழைய வண்டியாக இருந்தால் பித்தளை ரேடியேட்டர் என்று பல உலோகங்கள் ஒரே உப்புத் தண்ணீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரிதான். தேய்வது அலுமினியம்.

கூலன்ட் கேனுக்குள் சிறிதளவே இருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் இதைத்தான் தடுக்கின்றன. கிளைக்கால் லேசில் கெடாது. ஆனால் தடுப்பான் செலவழிந்துகொண்டே இருக்கும். அதனால் டேங்கில் பச்சையாகவோ சிவப்பாகவோ பளிச்சென்று தெரியும் திரவம் உள்ளுக்குள் சக்தியிழந்து போயிருக்கலாம். பழைய சிலிகேட் வகைக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர், கரிம அமில வகைக்கு 5 ஆண்டு என்பது பொதுவான கணக்கு. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. நிறத்தை நம்பி வாங்காதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் வெறும் சாயம். வகை மாற்றிக் கலந்தால் தடுப்பான்கள் ஒன்றையொன்று கெடுக்கும். சில கலவைகள் கூழாகி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

சரி, ஹெட் கேஸ்கெட் எப்படிப் போகிறது? பல எஞ்சின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட்டின் சூடு 100 டிகிரி ஏறினால் சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். அதே நீள வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீளும். இரண்டையும் போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கிறது. வழக்கமான சூட்டுக்கு இந்த இழுபறி கணக்கில் எடுக்கப்பட்டதுதான். திரவம் வற்றி ஒரு இடம் மட்டும் எல்லை மீறிச் சூடானால், விரிய இடமில்லாத அலுமினியம் அந்த இடத்தில் நசுங்கிவிடும். ஆறியபின் ஹெட் பழைய தட்டைக்குத் திரும்பாது. லேத் பட்டறையில் ஹெட்டின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்ப்பார்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு உள்ளே நுழைந்தாலே பெரும்பாலும் ஃபேஸிங் போட, அதாவது பரப்பைச் சீவித் தட்டையாக்க வேண்டியதுதான். தலைமுடியைவிட மெல்லிய அந்த இடைவெளி வழியாகத்தான் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள்ளும், கூலன்ட் ஆயிலுக்குள்ளும் போகும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் போல வெளுத்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வரும். சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் உள்ளே நீராவி குளிர்ந்து படியும் ஈரத்தாலும் மூடி லேசாக வெளுக்கலாம் என்பதால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியிலும் அதே நிறம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயப்படுங்கள்.

இதைத் தவிர்க்க மாதம் ஐந்து நிமிடம் போதும். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரிசர்வ் டேங்கில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். இது மூடிய அமைப்பு. வருடத்தில் சிறிது குறையலாம், மாதாமாதம் குறைந்தால் எங்கோ கசிகிறது. ஹோஸை அமுக்கிப் பாருங்கள்: மொறுமொறுவென்றாலும் கொழகொழவென்றாலும் மாற்ற வேண்டும். கிளிப் ஓரத்திலும் வாட்டர் பம்ப்பின் கீழ்த் துளையிலும் காய்ந்த வெள்ளை அல்லது பச்சைக் கறை இருந்தால் அதுதான் கசிவின் கையெழுத்து. ஏ.சி. போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

மாற்றும்போது ஒரு கணக்கு பலருக்குத் தவறுகிறது. உங்கள் எஞ்சினின் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று வையுங்கள். கீழ் பிளக்கைத் திறந்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி வடித்த பிறகும் பிளாக்கிலும் ஹீட்டர் குழாயிலும் ஓரிரு லிட்டர் தங்கிவிடும். அதன் மேல் ரெடி மிக்ஸ் (ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் கூலன்ட்) ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கி, முதலில் 2.5 லிட்டரை அப்படியே ஊற்றிவிட்டு, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். பாதிக்குப் பாதி சரியாக வரும். ஹீட்டர் குமிழைச் சூட்டின் முழுப் பக்கம் திருப்பி, மூடி திறந்தபடி எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை தானாக ஓடத் தொடங்கி நிற்கும்வரை மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மூடி திறந்திருப்பதால் திரவம் பொங்கி வரலாம். முகத்தை மேலே நீட்டாதீர்கள். உள்ளே சிக்கிய ஒரு காற்றுக்குமிழி புதுக் கூலன்ட்டின் பயனையே கெடுத்துவிடும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு, ஏ.சி. போட்டு, இரண்டாம் கியரில் ஏறுகிற வண்டிதான் இந்த அமைப்புக்கு உண்மையான பரீட்சை. எஞ்சின் கடுமையாக உழைக்கும். வேகம் இல்லாததால் முன்பக்கக் காற்று வராது. எல்லாம் ஃபேன் தலையில். முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரையும் புளோயரையும் முழுவதும் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒதுங்கி எஞ்சினை அணையுங்கள். முள் திடீரென்று தானாகக் கீழே இறங்கினால் மகிழ வேண்டாம். திரவம் வற்றி சென்சார் வெறும் காற்றில் நிற்கலாம். அரை மணி, முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள்: உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அடைபட்ட நீர், திறந்த நொடியில் ஆவியாகப் பாயும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். ஆறிய பிறகு வேறு வழியே இல்லையென்றால் கேன் தண்ணீரை ஊற்றி இறங்கிவிடலாம். ஊர் வந்ததும் அதை முழுவதும் வடித்துவிட்டு முறையாக நிரப்புங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கிக் குடிக்கும், சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலைச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள், ஆனால் ஆயில் டப்பாவில் கலக்காமல் தனியாக.