நார் உருவும் கன்றுக்குட்டி

‘பார்கின்சன் நோயில் மூளைச் செல்லுக்குள் புரதம் திரண்டு கட்டியாகிறது என்கிறார்கள். அதைக் கரைக்க உடம்பில் வழியே இல்லையா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. ஹெச்எஸ்பி70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதமும் (சூடு போன்ற சிக்கல் வந்தால் செல் கூடுதலாக உண்டாக்கும் புரதம்) அதன் இரண்டு கூட்டாளிகளும் அதைச் செய்கின்றன. இக்குடும்பத்தின் முதல் தடயம் 1962-ல் வெளியானது. இன்குபேட்டரில் யாரோ சூட்டைக் கூட்டிவிட, பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்கள் சில இடங்களில் உப்பியிருப்பதை இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா கவனித்தார். சூட்டில் விழித்துக்கொண்ட மரபணுக்கள்தான் அந்த உப்பல். ஈயின் எச்சில் சுரப்பிக்கு எதற்குப் பணம் என்று கேட்கும் நிதிக்குழுக்கள் இந்த ஒரு சம்பவத்தைப் படித்தால் போதும்.

பார்கின்சனில் திரள்வது ஆல்ஃபா-சைனூக்ளின். 140 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதன் நடுப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உறுதியான நாராகின்றன. இரு முனைகளும் அடுக்கில் சேராமல், புடவைக் குஞ்சம்போல வெளியே தொங்குகின்றன. பிடி கிடைப்பது இங்கேதான்.

ஹெச்எஸ்பி70 ஒரு மூடிபோட்ட சிமிழ். செல்லின் எரிபொருளான ஏடிபி (மூன்று பாஸ்பேட் கொண்டது) ஒட்டியிருந்தால் மூடி திறந்திருக்கும். டிஎன்ஏஜேபி1 என்ற கூட்டாளி சங்கிலியின் ஒரு முனைக் குஞ்சத்தைப் பற்றி, ஹெச்எஸ்பி70-ஐ மறுமுனையில் அமர்த்தி, ஏடிபியை உடைக்கத் தூண்டும். மூடி இறுகும். பிறகு ஹெச்எஸ்பி110 என்ற இன்னொரு கூட்டாளி வந்து, ஏடிபி எரிந்து மிஞ்சிய இரு பாஸ்பேட் வடிவத்தை வெளியேற்றும். புது ஏடிபி ஏறும், மூடி திறக்கும்.

கவனியுங்கள், ஏடிபியின் ஆற்றல் மூடியை இறுக்குவதோடு தீர்ந்துவிட்டது. அப்படியானால் நாரிலிருந்து சங்கிலியை இழுப்பது யார்?

சுவரில் அடித்த ஆணியில் குட்டைக் கயிற்றால் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிவிடுங்கள். அதற்கு இழுக்கும் எண்ணமே இல்லை; மனம்போனபடி துள்ளும். ஆனால் ஒரு பக்கம் சுவர் தடுக்கிறது. மிச்சமிருக்கும் துள்ளல் எல்லாம் சுவரை விட்டு விலகும் திசையில்தான். கணக்குப் பார்த்தால் ஆணி வெளிநோக்கி இழுபடும். ஹெச்எஸ்பி70-ம் அப்படியே. நீர் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதி அதை அலைக்கழிக்கின்றன. நார் ஒரு பக்கம் வழிமறிப்பதால், விலகிப் போனால்தான் அதற்கு நடமாட இடம் கூடும். அந்த இடத்தேவையே விசையாகிச் சங்கிலியை உருவுகிறது. இதற்கு என்ட்ரோபி இழுவிசை என்று பெயர். பக்கத்துப் பக்கத்து ஆணிகளில் பல கன்றுகள் நெருக்கியடித்தால் இழுவை இன்னும் பலமாகும். ஹெச்எஸ்பி110 உதவியால் ஹெச்எஸ்பி70-கள் அப்படித்தான் நாரின்மேல் நெருக்கமாகக் குவிகின்றன என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஹெச்எஸ்பி110 கொஞ்சமாக இருப்பது முக்கியம். சோதனைக்குழாயில் ஹெச்எஸ்பி70-ல் பத்திலொரு பங்கு போதும். மிகுந்தால் இழுப்பதற்குள் மூடியைத் திறந்துவிடும்.

பின் ஏன் நோய் வருகிறது? செல்லுக்குச் சிக்கல் வந்தால் ஹெச்எஸ்எஃப்1 என்ற புரதம் மூன்று மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏயில் அமர்ந்து, ஹெச்எஸ்பி70 உற்பத்தியை முடுக்கும். நியூரான்களில் இந்த ஸ்விட்ச் லேசில் விழுவதில்லை. முதுகுத்தண்டின் இயக்க நியூரான்களில் இன்னும் மந்தம். ஸ்விட்சை வெளியிலிருந்து தட்டலாம் என்றால், புற்றுச் செல்களும் இதே ஹெச்எஸ்எஃப்1-ஐ நம்பித்தான் பிழைக்கின்றன. இந்த எதிர்வினையைப் பெருக்கும் அரிமோக்ளோமால் என்ற மருந்து, இயக்க நியூரான்கள் அழியும் ஏஎல்எஸ் நோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனையில் 2021-ல் தோற்றது. நிலைமை இப்படியிருக்க, மூளைக் கட்டியைக் கரைக்கும் கஷாயம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. நாரின் நுனியிலிருந்து சங்கிலிகள் ஒவ்வொன்றாக உருவப்பட்டால் நல்லது. நடுவில் முறிந்தால்? ஒரு நார் இரண்டாகும். புது நுனிகள் ஒவ்வொன்றிலும் மேலும் சைனூக்ளின் ஒட்டி வளரும். துண்டுகள் சிறியவை என்பதால் அடுத்த செல்லுக்குத் தாவுவதும் எளிது. சைனூக்ளின் திரளும் உருளைப்புழுக்களில் ஹெச்எஸ்பி110-ஐக் குறைத்துப் பார்த்தபோது, திரளும் பரவலும் கூடவில்லை, குறைந்தன. அதாவது, கரைக்கும் வேலையே சில சமயம் கட்டியைப் பரப்பவும் செய்யலாம்.