கண்ட்ரோல் ஆர்ம்: கட்டுப்பாட்டுக் கை அல்ல, கவைக்கை

பழைய அமெரிக்க பிக்கப் வண்டியின் முன்பக்க வேலையைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுவது ‘கண்ட்ரோல் ஆர்ம்’ என்ற சொல்தான். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘கட்டுப்பாட்டுக் கை’ என்று வரும். ‘ஆர்ம்ஸ்’ என்று பன்மையில் இருந்துவிட்டால் ‘கட்டுப்பாட்டு ஆயுதங்கள்’ என்றுகூட ஆகிவிடும். சக்கரத்தின் அதிர்ச்சியை வண்டிக்கு ஏறாமல் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பு ‘இடைநீக்கம்’ ஆகிவிடுவதும் இப்படித்தான். வேலையை விட்டு நிறுத்தி வைக்கப்பட்ட அதிகாரிக்குப் பொருந்தும் சொல் அது, சுருள்வில்லுக்குப் பொருந்தாது.

பொருள் என்னவென்று பார்ப்போம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸையும் முன்சக்கரத்தைத் தாங்கும் கணுவையும் இணைக்கும் இரும்புக் கைதான் கண்ட்ரோல் ஆர்ம். சேஸிஸ் பக்கம் இரண்டு கால்களாகப் பிரிந்து புஷ் எனும் உருளை உறைகளில் கீல் போல அசையும். சக்கரத்தின் பக்கம் ஒரே முனையாகக் குவியும், அங்கே எப்பக்கமும் திரும்பும் குண்டு மூட்டான பால் ஜாயிண்ட் இருக்கும். ஒவ்வொரு கணுவுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் கை குட்டை, கீழ் கை நீளம்.

நல்ல எடுத்துக்காட்டு செவர்லே சி10 பிக்கப். 1960இல் அந்த வண்டிக்குத் தனித்தனியாக அசையும் முன்சக்கரங்கள் வந்தன. அப்போது வில்லின் வேலையைச் செய்தது முறுக்குத் தண்டு. 1963இல் அதை எடுத்துவிட்டுச் சுருள்வில்லை வைத்தார்கள். அமெரிக்காவில் பழைய சி10களைப் புதுப்பிப்பவர்கள் இன்றும் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த அமைப்பைத்தான். அதே காலத்து ஃபோர்டு வேறு வழியில் போனது. 1965 முதல் எஃப்-100இல் இரண்டு நீண்ட உத்திரங்களைக் குறுக்கே வைத்தது. அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

இனி சொல்லின் பிறப்பு. ‘கண்ட்ரோல்’ என்பதன் மூலம் இடைக்கால லத்தீனின் ‘கான்ட்ராரோட்டுலஸ்’. ‘கான்ட்ரா’ என்றால் எதிர், ‘ரோட்டுலஸ்’ என்றால் ஏட்டுச்சுருள். ஒரு கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த இரண்டாவது சுருள் அது. அடக்குவது, ஆள்வது என்ற பொருளெல்லாம் பின்னால் வந்தவை, முதலில் இருந்தது கணக்குச் சரிபார்ப்பு. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று. ‘ரோட்டுலஸ்’ என்பது ‘ரோட்டா’வின் குறுவடிவம். ‘ரோட்டா’ என்றால் லத்தீனில் சக்கரம். நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘ரதம்’ அதற்கு உறவுச் சொல். ஆக, சக்கரத்தைப் பிடிக்கும் கையின் பெயருக்குள்ளேயே ஒரு சக்கரம் இருக்கிறது. ‘ஆர்ம்’ என்ற சொல்லின் தொல்வேர் ‘பொருத்து, இணை’ என்று பொருள்படுவது. ஆயுதம் என்ற பொருளிலுள்ள ‘ஆர்ம்ஸ்’ லத்தீன் வழியாக அதே வேரிலிருந்து வந்தது. வேர் ஒன்றுதான், ஆனால் இங்கே வேண்டியது ஆயுதம் இல்லை, பொருத்தும் கை.

‘கட்டுப்பாடு’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், அது வேலையையே தவறாகச் சொல்லிக்கொடுக்கிறது. இந்தக் கை சக்கரத்தை அடக்கி வைப்பதில்லை. மேலும் கீழும் தாராளமாகப் போகவிடுகிறது. முன்னும் பின்னும் நகரவும் கண்டபடி சாயவும் மட்டும் விடுவதில்லை. இறுகப் பிடிப்பதுதான் இதன் வேலை என்று நினைத்தால் மாட்டும்போது தப்பு வரும். ரப்பர் புஷ் உள்ள கையில் இதை நேராகவே பார்க்கலாம். வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்க, கை கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் நட்டை முழுக்க முறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கேறியே இருக்கும், சீக்கிரம் கிழியும், முன்பக்கமும் சற்றே உயர்ந்து நிற்கும். அதனால் முதலில் நட்டைக் கையால் முறுக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றி, பாரம் முழுவதும் சக்கரத்தில் இறங்கி வண்டி தன் உயரத்தில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. பாலியூரித்தேன் புஷ் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. அது சுழலக்கூடியது, கிரீஸ்தான் வேண்டும்.

பழைய ‘இரண்டாவது சுருள்’ பொருளோ இந்த வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. சி10இல் கீழ்க்கையின் இரு கால்களும் அசைய அச்சாக இருக்கும் தண்டு யூ போல்ட்களால் குறுக்குச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். மேல்கையின் தண்டுக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். முன் போல்ட்டிலும் பின் போல்ட்டிலும் ஒரே அளவு கூட்டினால் அல்லது குறைத்தால் சக்கரத்தின் பக்கச் சாய்வு, அதாவது கேம்பர், மாறும். ஒன்றில் கூட்டி மற்றதில் குறைத்தால் முன்பின் சாய்வான கேஸ்டர் மாறும். ஆகவே கழற்றும்போதே எந்தப் பக்கம், எந்த போல்ட்டில், எத்தனை தகடு என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டும்போது ஒப்பிட்டுப் பார்க்கும் எதிர்க்கணக்கு அதுதான். அப்படியே போட்டாலும் புதுப் புஷ், புது பால் ஜாயிண்ட் வந்த பிறகு வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும்.

மாட்டும் வேலையில் உயிருக்கே ஆபத்தானது சுருள்வில். அமுங்கிய வில் நழுவினால் ஆளை அடித்துவிடும். வில்லை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல், கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி இல்லாமல் பால் ஜாயிண்ட் நட்டை முழுவதும் கழற்றவே கூடாது. திரும்ப ஏற்றும்போது வில்லின் நுனி கீழ்க்கையில் உள்ள அதன் இருப்பிடத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அப்புறம் பால் ஜாயிண்ட். மேல்கையில் அது ஆலையில் அடித்த ரிவெட்டால் பிணைக்கப்பட்டிருக்கும், புதியது போல்ட்டோடு வரும். கோட்டை மதில் போல வெட்டுள்ள நட்டை உரிய அளவுக்கு முறுக்கியும் துளை நேராக வரவில்லையா? இன்னும் கொஞ்சம் முறுக்கிக் காட்டர் பின்னைச் செருக வேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி எதுவோ, இந்த முனைக்கு அந்தப் பின் அது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? நம் ஊர்ப் பட்டறைகளில் ‘லோயர் ஆர்ம்’, ‘அப்பர் ஆர்ம்’ என்பார்கள். அதில் குறையொன்றும் இல்லை, கடையில் கேட்டால் பொருள் கிடைக்கும். ஆங்கிலேயர்கள் வடிவத்தை வைத்து இதை ‘விஷ்போன்’ என்றார்கள், கோழியின் மார்பிலுள்ள கவை எலும்பு. ஜெர்மானியர்கள் வேலையை வைத்து ‘குவெர்லெங்கர்’ என்கிறார்கள், குறுக்கே இருந்து வழிநடத்துவது. நமக்கும் வடிவமே வழிகாட்டுகிறது. இரண்டாகப் பிரிந்த கிளையைக் கவை என்கிறோம். கவட்டை, கவடு எல்லாம் அந்தக் குடும்பம்தான். ‘கை’ என்பதை இப்படி ஒரு பாகத்துக்கு ஆள்வதும் புதிதல்ல. ஓட்டு வீட்டின் கூரையைத் தாங்கும் சாய்வு மரத்துக்குக் கைமரம் என்றுதானே பெயர்?

அதனால் நான் ‘கவைக்கை’ என்றே எழுதுகிறேன். மேல் கவைக்கை, கீழ் கவைக்கை. இரண்டு கால் எந்தப் பக்கம், ஒற்றை முனை எந்தப் பக்கம் என்பதைப் பெயரே சொல்லிவிடும். சி10இன் பின்சக்கர அச்சைப் பிடிக்கும் நீண்ட இரும்புக்கு மட்டும் இது ஆகாது. அது பிரியாத ஒற்றைக் கை, அதற்கு ‘இழுகை’ என்பது பொருந்தும்.