கிரீஸ் டிராப்: மசகும் அல்ல, வடிகட்டியும் அல்ல

கிரீஸ் என்றதும் நமக்கு நினைவு வருவது பட்டறைதான். பேரிங்குக்கும் சங்கிலிக்கும் தடவுகிற மசகு. அந்தப் பழக்கத்தில், பெரிய சமையலறைகளின் கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரிக்கக் குழாயில் வைக்கும் தொட்டியான கிரீஸ் டிராப்பையும் 'மசகுப் பொறி' என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'கிராசஸ்': தடித்த, கொழுத்த என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது அது குறித்தது விலங்குக் கொழுப்பை. சமையலறைக்கு அந்தப் பழைய பொருள்தான் பொருந்தும்.

டிராப் என்பதற்கு நம்மிடம் பொறி இருக்கிறது, எலிப்பொறியில் வரும் அதே பொறி. வல்லின 'ற' கட்டாயம். இடையின 'ர' போட்டால் பொரிப்பது, வறுப்பது என்று ஆகிவிடும். பேச்சு சமையலறையைப் பற்றியது என்பதால் குழப்பம் கூடும். ஆகவே, கொழுப்புப் பொறி.

'கொழுப்பு வடிகட்டி' என்ற பெயரும் புழங்குகிறது. இதை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் பெயர் பராமரிப்பையே திசைதிருப்புகிறது. வடிகட்டி என்றால் சல்லடையை அலசினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்தத் தொட்டி எதையும் வடிப்பதில்லை. வேகமாக வரும் நீரை உள்தடுப்பு ஒன்று தணிக்கிறது. அடங்கிய நீரில் கொழுப்பு மேலே மிதக்கும், நீரைவிட அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இலேசு என்பதால். உணவுத் துகள்கள் அடியில் படியும். வெளியேறும் குழாயின் முன்னுள்ள தடுப்பு, நடுவிலிருக்கும் நீரை மட்டும் கீழ்ப்பக்கமாக எடுத்து அனுப்பும். நீர் நிதானமாக நிற்பதுதான் முழு வேலையும்.

தொட்டி நிரம்ப நிரம்ப அந்த நிதானம் குறைகிறது. மேல் கொழுப்பும் அடி வண்டலும் சேர்ந்து நீராழத்தில் கால் பங்கை எட்டினால் அள்ளியாக வேண்டும். அளக்க, இருபுறமும் திறந்த ஒளிபுகு குழாயைச் செங்குத்தாக அடிவரை மெல்ல இறக்கி, கீழ் முனையை அடைத்துத் தூக்குங்கள். மேலே வெளிறிய மஞ்சள் கட்டி, நடுவே சாம்பல் நிற நீர், அடியில் கறுத்த சேறு என மூன்று அடுக்கும் தெரியும். ஆழம் 80 செ.மீ., கொழுப்பு 12, வண்டல் 8 என்றால் கூட்டு 20. எல்லை அதுதான், அதற்குப் பிறகு நாள் கடத்தக் கூடாது.

கொழுப்பு மெல்லிசாக இருந்தால் உடனே மகிழ வேண்டாம். அடுப்பு ஓயாத சமையலறையில் மேலடுக்கு ஏறவே இல்லையென்றால், கொழுப்பு தப்பிப் போகிறது என்று பொருள். 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரைக் கொட்டினால் கொழுப்பு உருகி வெளியேறி, குளிர்ந்த குழாயில் போய் உறையும். பிசுக்குப் போக்கும் திரவங்கள் அதைச் சிறு துளிகளாக உடைத்து நீரோடு கலந்துவிடுகின்றன. தொட்டி சுத்தம்போலத் தோன்றும், அடைப்பு வெளிக்குழாயில் உருவாகும். உள்தடுப்பு அரித்து உடைந்திருந்தாலும் இதே விளைவுதான், எனவே ஒவ்வொரு முறை அள்ளும்போதும் தடுப்புகளைத் தட்டிப் பாருங்கள்.

சட்டியில் மிஞ்சிய எண்ணெயை இதில் ஊற்றவே கூடாது. அதற்குத் தனிக் கலன். பாத்திரங்களைக் கழுவுமுன் வழித்துத் துடைத்துவிட்டால் தொட்டியின் பாரம் அப்போதே குறையும்.

அள்ளுவது என்றால் மேல் கொழுப்பை மட்டும் எடுப்பதல்ல. நீர், வண்டல் எல்லாவற்றையும் இறைத்து, சுவரையும் தடுப்பையும் சுரண்ட வேண்டும். அழுகும் வண்டல் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். செறிவு கூடினால் மூக்குக்கு அதன் வாடையே தெரியாமல் போய்விடும். வாடை இல்லை என்று நம்பி பெரிய தொட்டிக்குள் தலையை நீட்டுவதோ இறங்குவதோ உயிரைப் பறிக்கும். சுரண்டி முடித்ததும் வெளியேறும் குழாயின் மட்டம்வரை குளிர்ந்த நல்ல நீரை நிரப்புங்கள். வெறும் தொட்டியாக மூடினால் முதலில் வரும் கொழுப்பு தடுப்புக்கு அடியில் புகுந்து நேரே குழாய்க்குப் போய்விடும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அன்றே மாற்றுங்கள், நாற்றம் கசிவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.